ஒருமுறை என்று எழுதியது

6 மார்ச் 2007, செவ்வாய்

ரைன் பாலத்தில் ரயில் இருபது நிமிடம் நின்றது. காரணம் சொல்லவில்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் முதலாளி ஃபிராவ் ஊல்மர் என் மேசையடியில் கோப்பிக் கோப்பையோடு நின்றார். பிந்தி வந்ததற்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

அவருக்கு அறுபத்துமூன்று வயது. கார்ல்ஸ்ரூஹேயில் முப்பது வருடமாக வரி ஆலோசகர். நான் அவரிடம் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். 2008 டிசம்பர் 31 உடன் ஓய்வு எடுக்கிறாராம். அதற்குள் நான் வரி ஆலோசகர் தேர்வில் சித்தியடைந்து, நியமனப் பத்திரமும் வாங்கிவிட்டால் அலுவலகத்தை எனக்கே தருவார். இல்லையென்றால் மன்ஹைமில் ஒரு பெரிய நிறுவனம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை, கொறற்றி. அதற்காக நான் தர்மம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேசிய விலையைத் தர வேண்டும்" என்றார். நல்ல செய்தி சொல்லும்போதும் முகத்தை மாற்றாத மனுஷி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பதினொரு வருடமாக வேலையை நான் செய்கிறேன், கீழே அவர் கையொப்பம் வைக்கிறார். உரிமம் இல்லாதவள் கணக்கை எழுதலாம், இன்னொருவருக்கு வரி ஆலோசனை சொல்லக்கூடாது. சட்டம் அப்படி. நாற்பத்தொரு வயதில் இனி எப்போது?

19 மார்ச் 2007

விண்ணப்பப் படிவம். சட்டம் முழு ஜேர்மனிக்கும் ஒன்றுதான், வாசலில் நிற்கும் காவல்காரர் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நாங்கள் வசிப்பது ரைனுக்கு இந்தப் பக்கம் வ்யோர்தில் — ரைன்லாந்து-பல்ஸ் மாநிலம். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் — பாடன்-வூர்ட்டம்பெர்க். எங்கே விண்ணப்பிப்பது? இரண்டு பேரிடம் கேட்டு இரண்டு பதில் வாங்கி, கடைசியில் சட்டப் புத்தகத்தையே எடுத்துப் பார்த்தேன். வேலை செய்யும் இடம்தான் கணக்கு.

சில்வெஸ்டருக்கு இது பெரிய பகிடி. என் கணவர், லொறித் தொழிற்சாலையில் வேலை, எதையும் பாரமாக எடுக்காத ஆள். "இலங்கையிலயிருந்து இஞ்சை வர நாலு நாட்டு எல்லை தாண்டினனாங்கள். நீர் ஒரு பாலத்துக்கு நிண்டு அழுறீர்" என்றார்.

2 மே 2007

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எழுத்துத் தேர்வு அக்டோபரில், மூன்று நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம். எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தவறுகிறார்கள். வாழ்நாளில் மூன்று தடவைதான் எழுதலாம்.

17 ஜூன் 2007

ஞாயிறு முழுவதும் வாரிசு வரி. தலை விறைத்துவிட்டது. சில்வெஸ்டர் கோழிக்கறி வைத்தார். உப்பில்லை. சொல்லவில்லை.

11 ஆகஸ்ட் 2007, சனி

கெவலார் மாதா திருவிழா. படிப்பு இருக்கிறது, இந்த வருடம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான்கு மணித்தியாலக் கார்ப் பயணம். மாதா கோவில் வளவில் வழக்கம்போல ஜேர்மனி முழுவதிலுமிருந்து வந்த தமிழ்ச் சனம், சைவக்காரரும் பாதி. பூசை முடிந்து, மெழுகுதிரி கொளுத்தி, சாப்பாட்டுப் பெட்டிகள் திறபட்ட பிறகு என் வேலை தொடங்கியது. கார் நிறுத்துமிடத்தில் மடிப்பு மேசை ஒன்று. ஒன்பது வருடமாக அதே மேசை. ஒவ்வொருவராக பிளாஸ்டிக் பைகளோடு வந்தார்கள்: சம்பளச் சிட்டை, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பத்திரம். நான் படிவத்தை நிரப்பிக் கொடுப்பேன், அவர்கள் கையொப்பம் வைத்துத் தங்கள் ஊர் வரிக் கந்தோருக்கு அனுப்புவார்கள். காசு வாங்குவதில்லை. வாங்கச் சொன்னாலும் வாங்கமாட்டேன்.

ஆஹெனில் இருந்து ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை முதல் ஆளாக வந்து நின்றார். அங்கே ஒரு பிஸ்கட் பேக்கரியில் இரவு வேலை. சைவக்காரர், ஆனால் இந்தத் திருவிழாவை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. "தங்கச்சி, நீங்கள் இல்லாட்டி நாங்கள் இந்த நாட்டில குருடர்தான்" என்றார். வருடா வருடம் இதையே சொல்வார். பேக்கரியில் இருந்து ஒரு கடதாசி வர வேண்டியிருந்தது. அது வந்ததும் சேர்த்து அனுப்புங்கோ என்று சொல்லிக் கொடுத்தேன்.

இலவசமாகச் செய்தாலும் இது தடை. எனக்குத் தெரியாததா? முதலாம் வருடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன் செய்கிறாய்? இரக்கம் என்று எழுதினால் பொய். அந்த மேசையில் நான் சொல்வதுதான் முடிவு. மேலே வேறொருவர் கையொப்பம் இல்லை. அது எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

11 அக்டோபர் 2007

மூன்றாம் நாளும் முடிந்தது. கை விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து மேசைப் பையன் இரண்டாம் நாளோடு நின்றுவிட்டான்.

14 ஜனவரி 2008, திங்கள்

எழுத்துத் தேர்வு சித்தி.

ஃபிராவ் ஊல்மர் கைகொடுத்தார். பிறகு நிலுவையில் இருந்த நான்கு கோப்புகளையும் கொடுத்தார். சில்வெஸ்டர் பின்னேரத்துக்குள் ஜேர்மனி முழுக்கத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார். "வாய்மொழித் தேர்வு இன்னும் கிடக்கு, பொறுங்கோ" என்றால் கேட்கிறாரா.

4 மார்ச் 2008

ஸ்டுட்கார்ட். ஆறு பேர் எதிரே. ஒருவர் என் பெயரை உச்சரிக்க மூன்று முறை முயன்றார். நான்காம் முறை தேவைப்படவில்லை, கேள்விக்குப் போய்விட்டார்.

சித்தி. சித்தி. சித்தி.

திரும்பி வரும் ரயிலில் அழுதேன். எதிரே இருந்த மனிதர் கைலேஞ்சி நீட்டினார், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

10 மார்ச் 2008

நியமனத்துக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. ஹைடெல்பெர்கில் உள்ள கம்மருக்கு — வரி ஆலோசகர் சங்கம். இனித் தேர்வு இல்லை. நடத்தை சரியா என்று பார்ப்பார்கள், காப்புறுதி கேட்பார்கள், பத்திரம் தருவார்கள். கோடைக்குள் முடியும் என்கிறார் ஃபிராவ் ஊல்மர்.

28 மார்ச் 2008, வெள்ளி

ஆஹென் பக்கத்து வரிக் கந்தோர் ஒன்றின் தண்டப் பிரிவில் இருந்து கடிதம். என் பெயருக்கு. மூன்று முறை வாசித்தேன்.

வரிப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கையொப்பத்துக்கு அருகில் ஒரு பெட்டி உண்டு: இதைத் தயாரிப்பதில் உதவியவர் யார்? அதை வெறுமையாக விடச் சொல்லி ஒன்பது வருடமாக எல்லாருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை வெறுமையாக விடவில்லை. என் முழுப்பெயர், வ்யோர்த் முகவரி, தொலைபேசி இலக்கம், முன்னால் "வரி ஆலோசகர் திருமதி".

உரிமமின்றி வரி உதவி செய்ததாகச் சந்தேகம். நான் அவருக்கு உறவா? இது ஒருமுறை நடந்ததா, தொடர்ந்து நடப்பதா? நான்கு வாரத்துக்குள் பதில். பிரதி ஹைடெல்பெர்க் கம்மருக்கும்.

ஆஹெனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏன் அண்ணை எழுதினனீங்கள்? வெறுமையா விடச் சொன்னனான் எல்லோ?"

"தங்கச்சி, நீங்கள் செய்து தந்ததை நான் செய்ததெண்டு விடுறதோ? அது களவெல்லோ. முந்தி நீங்கள் சொன்னபடியால் விட்டனான். இப்பதான் நீங்கள் சோதினை பாஸ் பண்ணீட்டியளே. அந்தக் கடதாசி ஜனவரியிலதான் வந்தது, அனுப்பேக்கை நல்லாப் பெரிசா எழுதிவிட்டனான். ஏன், பிழையோ?"

பிழைதான் என்று சொன்னேன். நான் கோபப்படவில்லை. கோபம் தொலைபேசியை வைத்த பிறகு வந்தது, ஒரு தட்டு உடைந்தது.

நான் வசிப்பது ஒரு மாநிலம், வேலை இன்னொன்று, குற்றம் செய்தது மூன்றாவதில். மூன்றும் ஒன்றோடொன்று கடிதம் எழுதுகின்றன.

29 மார்ச் 2008

சில்வெஸ்டரின் யோசனை: "சொந்த அண்ணன் எண்டு எழுதும். ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

உறவினருக்கு இலவசமாக உதவலாம், உண்மை. ஆனால் யார் உறவு என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. சகோதரம், சகோதரத்தின் பிள்ளை, மாமன், மாமி. சித்தியின் மகன்கூட அதில் இல்லை. எங்கள் கணக்குப்படி கெவலாரில் பாதிச்சனம் எனக்குச் சொந்தம். அவர்கள் கணக்கில் ஜேர்மனியில் எனக்கு மொத்தம் ஏழு பேர். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை இரண்டு கணக்கிலும் இல்லை.

31 மார்ச் 2008, திங்கள்

கடிதத்தை ஃபிராவ் ஊல்மரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை முறை?"

"ஒருமுறை" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. முன்கூட்டி யோசித்தது இல்லை. இருக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு எதை யோசித்தாய்?

"அப்படியென்றால் ஒன்றுமில்லை. ஒருமுறை செய்தது உதவி. திரும்பத் திரும்பச் செய்தால்தான் குற்றம். ஒருமுறை என்று எழுதுங்கள், முடிந்தது" என்றார். பிறகு மன்ஹைம்காரர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்ததையும் சொன்னார். அதட்டலாக அல்ல, தகவலாக.

9 ஏப்ரல் 2008

பதில் போயிற்று. நான்கு வரி. "கோரியவர் எனக்குத் தெரிந்தவர். மொழி தெரியாததால் ஒருமுறை உதவினேன். ஊதியம் பெறவில்லை."

சில்வெஸ்டருக்குப் பதில் அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

20 ஏப்ரல் 2008

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை தொலைபேசி எடுத்தார். குரலில் தெம்பு. "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ தங்கச்சி. நாங்கள் இருக்கிறம். சும்மா விடமாட்டம்."

நன்றி அண்ணை என்றேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

4 மே 2008, ஞாயிறு



கார்ல்ஸ்ரூஹேயில் மாதாந்தத் தமிழ்ப் பூசை. முடிந்து வெளியே வரும்போது தேவமலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் வைச்சிருக்கிறம் பிள்ளை. ஒண்டும் நடவாது." எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். சில்வெஸ்டர் காரை எடுக்கப் போய்விட்டார், வழக்கத்தைவிட வேகமாக.

காரில் கேட்டேன். மறைக்கத் தெரியாத மனிதர், கார்ப் பெட்டியைத் திறந்து ஒரு பிரதியை எடுத்துத் தந்தார். ஏதோ பிறந்தநாள் பரிசு தருகிறவர் போல முகம்.

கையொப்ப மனு. ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையின் மகள் சுபானி எழுதியது. ஆஹெனில் படிக்கிற பிள்ளை, பிழையில்லாத ஜேர்மன். "கீழே கையொப்பமிடும் நாங்கள், திருமதி கொறற்றி அவர்கள் 1999 முதல் ஒவ்வொரு வருடமும், ஒரு சதமும் பெறாமல், எங்கள் அனைவரின் வரிப் படிவங்களையும் நேர்மையாகத் தயாரித்துத் தந்தவர் என்பதை உறுதிப்படுத்துகிறோம்." ஒவ்வொரு வருடமும் என்பதற்குக் கீழே கோடு. பெயர், முகவரி, கையொப்பம். அறுபத்துமூன்று பேர். பதினேழாவது சில்வெஸ்டர்.

எந்தத் தண்டப் பிரிவும் பத்து வருடம் விசாரித்தாலும் இவ்வளவு சுத்தமாகச் சாட்சி சேர்த்திருக்க முடியாது.

"நீங்களும் வைச்சனீங்களோ?"

"பேந்து? என்ரை மனிசிக்கு நான் வைக்காமல் ஆர் வைக்கிறது? தொண்ணூற்றொண்டில என்னைத் திருப்பி அனுப்பக் கடிதம் வந்தது, மறந்துபோனீரே? பங்குச் சுவாமி நானூறு கையொப்பம் எடுத்து அனுப்பினவர். நான் நிண்டிட்டன். கையொப்பத்துக்கு இஞ்சை மதிப்பு இருக்கு."

"நான் ஒருக்காத்தான் செய்தனான் எண்டு எழுதிப்போட்டன்!"

கத்தினேன். காருக்குள் கத்தினேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பாலத்துக்குச் சற்று முன்னால், லொறிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

"ஒருக்கா எண்டோ?" என்றார். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

"நாங்கள் ஒருத்தரும் பொய் எழுதேல்லையே..."

"ஓம். நான் மட்டும்தான் எழுதினது."

மனு எங்கே என்று கேட்டேன். பதிவுத் தபாலில் வியாழனுக்கு முன்னமே அனுப்பியாயிற்று என்றார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வரவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவர் பயந்துபோனார்.

5 மே 2008, திங்கள்

காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகாமல், ஆஹென் பக்கத்துக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கோப்பைப் பார்ப்பவர் ஹெர் யான்சன். மெதுவாகப் பேசும் மனிதர்.

என் ஏப்ரல் 9 கடிதம் தவறு என்றேன். ஒருமுறை அல்ல. ஒன்பது வருடம். ஏறக்குறைய அறுபது குடும்பம்.

"இதை நீங்களாகவே சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஜேர்மனில் சொன்னேன்.

எழுத்தில் தரச் சொன்னார். அவர்களின் பெயர்கள்? தரமாட்டேன் என்றேன். என்னிடம் மனுவின் பிரதி இருந்தது, அவரிடம் மூலம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். தராமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார். மனுவைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இன்னும் தபால் பிரிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

6 மே 2008

ஃபிராவ் ஊல்மரிடமும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"படிவங்களுக்காக நான் கோபப்படவில்லை. இங்கே நின்று, என் முகத்தைப் பார்த்து ஒருமுறை என்றீர்களே, அதற்காக" என்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். டிசம்பர் 31 மாறாது என்றார்.

13 ஜூன் 2008, வெள்ளி

சில்வெஸ்டர் பெயருக்கு ஒரு தடித்த உறை. மைன்ஸில் இருந்து, ரைன்லாந்து-பல்ஸ் மாநிலப் பாராளுமன்றத்தின் மனுக்குழு.

விசர் மனிசன் மனுவை அங்கேதான் அனுப்பியிருக்கிறார். 1991 இல் அவருடைய நானூறு கையொப்பம் போன அதே முகவரி. பழைய கடிதக் கட்டில் இருந்து பார்த்து எழுதினாராம். மிகவும் பணிவான கடிதம்: விடயம் வேறு மாநிலத்தின் வரி நிர்வாகத்தையும் இன்னொரு மாநிலத்தின் கம்மரையும் சேர்ந்தது, நாங்கள் பொறுப்பில்லை, தனிப்பட்ட விபரங்கள் அடங்கியிருப்பதால் வேறு யாருக்கும் அனுப்பாமல் திருப்பித் தருகிறோம்.

அறுபத்துமூன்று கையொப்பமும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன. யான்சன் அதைக் கண்டதே இல்லை. நான் வாயைத் திறந்திராவிட்டால் எவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

எந்த ஒரு கடதாசியையும் 'எங்கே அனுப்பினது, எப்போது அனுப்பினது' என்று கேட்காமல் விடாதவள் நான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பாயா? இருந்திருப்பேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

22 ஜூலை 2008

தண்டம் எண்ணூறு யூரோ. நானாக முன்வந்து சொன்னதால் குறைத்ததாம். கட்டிவிட்டேன். கம்மர் நியமனத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. நேரில் விசாரிப்பார்கள்.

16 ஆகஸ்ட் 2008

இந்த வருடம் கெவலாருக்குப் போகவில்லை.

21 ஆகஸ்ட் 2008, வியாழன்

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. அவருடைய பழைய படிவங்களையும் எடுத்துப் பார்க்கிறார்களாம். மூன்று பக்கக் கடிதம் வந்திருக்கிறது. வேலைக்குப் போய்வரும் தூரம், பேக்கரி உடுப்பு, எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்கிறார்கள்.

"தங்கச்சி, காசு கீசு இல்லை, நீங்கள் வாசிச்சு என்ன கேக்கிறாங்கள் எண்டு மட்டும் சொன்னால் காணும். மகள் வாசிக்கிறாள், அவளுக்கு இந்தப் பாஷை விளங்குதில்லை."

அந்தக் கடிதத்தில் கேட்டதெல்லாம் நான் நிரப்பியவை. பத்து நிமிட வேலை.

"ஏலாது அண்ணை" என்றேன். "ஒரு ஸ்ரொயர்பெராற்றரிட்டைப் போங்கோ, உரிமம் உள்ள வரி ஆலோசகரிட்டை."

"ஓம் ஓம்" என்றார். "உங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாது. நான் யோசியாமல் கேட்டுப்போட்டன்." அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.



16 செப்டம்பர் 2008, செவ்வாய்

ஹைடெல்பெர்க். மூன்று பேர். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் தட்டு. ஒருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

முதலில் ஏன் ஒருமுறை என்று எழுதினீர்கள்? ஒருமுறை செய்தால் தண்டனை இல்லை என்பதால். பிறகு ஏன் திருத்தினீர்கள்? மனுவைப் பற்றிச் சொன்னேன், மைன்ஸைப் பற்றியும். இளையவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

தலைவர் கேட்டார்: "மறுபடியும் செய்வீர்களா? உரிமம் கிடைக்கும் முன் யாராவது உதவி கேட்டால்?"

"போன மாதம் கேட்டார்கள்" என்றேன். "அதே மனிதர்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

அது அவர்களுக்குப் பிடித்தது. தலைவர் குறித்துக்கொண்டார். அந்த மேசையில் நான் சொன்னவற்றில் எனக்குப் புண்ணியம் சேர்த்தது அது ஒன்றுதான். வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

18 டிசம்பர் 2008

பத்திரம் இன்னும் இல்லை. தீர்மானம் புதுவருடத்தில்தான் என்று கம்மரில் சொன்னார்கள். ஃபிராவ் ஊல்மர் இன்று மன்ஹைம்காரரோடு கையொப்பமிட்டார். பின்னேரம் எனக்கு ஒரு பெட்டி தந்தார், அவருடைய சட்ட நூல்கள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "இன்னும் சில வாரம்தான் என்று தெரிந்திருந்தால் பொறுத்திருப்பேன். எத்தனை வாரம் என்று ஒருவரும் சொல்லவில்லையே" என்றார்.

பெட்டி பாரம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

5 பெப்ரவரி 2009

நியமனம். கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். டிசம்பர் 18 இல் இருந்து சரியாக ஏழு வாரம்.

27 ஏப்ரல் 2009

அலுவலகத்தோடு என்னையும் எடுத்துக்கொண்ட மன்ஹைம்காரரிடம் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வ்யோர்தில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் என்பதால் இனி வேறு மாநிலம், வேறு கம்மர், புதுப் படிவம். சில்வெஸ்டர் பார்த்துவிட்டு, "இதுக்கும் கையொப்பம் எடுக்கவோ?" என்றார். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதைப்பற்றிப் பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

27 செப்டம்பர் 2009, ஞாயிறு

இன்று ஆஹெனுக்கு நானாகத் தொலைபேசி எடுத்தேன். எடுக்க வேண்டும் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது. என்ன சொல்வது என்று கடதாசியில் எழுதி வைத்திருந்தேன்.

நான் இப்போது முறைப்படி செய்யலாம் அண்ணை, உங்களுக்கும் மற்றவர்களுக்கும், எந்த மாநிலம் என்றாலும் பரவாயில்லை, கட்டணம் எடுக்க வேண்டும் ஆனால் ஆகக் குறைந்ததுதான் எடுப்பேன், பெட்டியில் என் பெயரைத் தாராளமாக எழுதலாம் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கேள்விப்பட்டனான் தங்கச்சி, கனக்கச் சந்தோசம். கடவுள் காப்பாத்தினார்" என்றார். பிறகு, "ஆனா நீங்கள் இனிக் கரைச்சல்பட வேண்டாம். அண்டைக்கு நீங்கள் சொன்னபடி ஒரு ஸ்ரொயர்பெராற்றரிட்டைப் போனனான் எல்லோ, ஒரு ஜேர்மன்காரன். நல்ல மனிசன். அந்தக் கடிதத்தையும் அவன்தான் முடிச்சுத் தந்தவன். எங்கடை ஆக்கள் முக்காவாசிப்பேரையும் நான் அவனட்டைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டன். காசு எடுக்கிறான்தான். ஆனா ஒருத்தருக்கும் பயமில்லை பாருங்கோ."

நல்லது அண்ணை என்றேன்.

"அடுத்த வருசம் கெவலாருக்கு வாங்கோ. மேசை கீசை ஒண்டும் தூக்காமல், சும்மா கும்பிட வாங்கோ."

வைத்தபிறகு சில்வெஸ்டர், "என்னவாம்?" என்று கேட்டார். ஆள் வைத்திருக்கிறார்களாம் என்றேன். அவர் தேத்தண்ணி போடப் போனார்.

வாடிக்கையாளர் இதுவரை இருபத்திரண்டு பேர். பூக்கடைக்காரி, இரண்டு கூரை வேலைக்காரர், மருந்துக்கடையே ஒன்று. தமிழர் ஒருவரும் இல்லை. வாசல் பலகையில் என் பெயரையும் தொழிலையும் ஜேர்மனிலும் அதற்குக் கீழே தமிழிலும் எழுதுவித்தேன். தமிழ் வரிக்குத் தனிக் காசு கேட்டார்கள், கொடுத்தேன். இந்த நான்கு மாதத்தில் அந்த வரியைப் பற்றி விசாரித்தவர் தபால்காரர் மட்டும். தாய்லாந்து மொழியா என்று கேட்டார். தமிழ் என்றேன்.